அடையாள அட்டைக்காக வெளுத்த முகங்கள்

சென்ற மாதம் கண்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் படக் கண்காட்சி நடந்தது. எல்லாம் குழந்தைகளின் முகங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை. எடுத்தவர்கள் இளைஞர்கள். அவர்கள் கழுத்தில் தொங்கிய கமரா ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையின் எடை இருக்கும். படத்தில் இருந்த பிள்ளைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. ஒன்றுக்குமே தலை வாரியிருக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் மூக்கு ஒழுகியதைக் கதவளவுக்குப் பெரிதாக்கி மாட்டி, கீழே ‘மௌனம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா வந்திருந்தால் முதலில் முந்தானையால் படத்தின் மூக்கைத் துடைத்திருப்பாள். பிறகு படம் எடுத்தவனைத் தேடியிருப்பாள்.

என்னை அழைத்தவர் தாடி வைத்த ஒரு தம்பி. நல்ல பிள்ளைதான், மரியாதையாகக் கதிரை போட்டு உட்கார வைத்தார். பிறகு வாயைத் திறந்தார்.

“ஆன்ட்டி, நீங்க டிஜிட்டல் கமரா வந்த புதுசுலயே சின்னப் புள்ளைங்களக் கறுப்பு வெள்ளையில எடுத்தவங்கன்னு சொன்னாங்க. கலர் கையில இருக்கறப்ப ஏன் கறுப்பு வெள்ளையத் தேர்ந்தெடுத்தீங்க? அதுக்குப் பின்னால என்ன தேடல் இருந்துச்சு?”

“அரசாங்கம் கேட்டுச்சு தம்பி, எடுத்தோம்” என்றேன்.

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர்களுக்கும் சொல்லிச் சிரித்தார். ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். நாலு வார்த்தை வாழ்த்திவிட்டு, ஒரு பட்டிஸ் தின்றுவிட்டு, வீடிருக்கும் மஹய்யாவக்கு பஸ் ஏறிவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த கதை நீளமானதல்ல. பள்ளிக்கூடம் முடிந்ததும் கண்டி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் படங்களை வெட்டி உறைக்குள் போடும் வேலை கிடைத்தது. அங்கேயே இருட்டறையும் கமராவும் பழகினேன். தமிழர் கடைகளை எரித்த எண்பத்து மூன்று கலவரத்தில் அந்த ஸ்டூடியோவும் எரிந்தது. எரித்தவர்களில் சிலர் கொஞ்ச நாளைக்கு முன்புதான் குடும்பத்தோடு வந்து படம் பிடித்திருந்தார்கள். அவர்களுடைய உறைகள் இன்னும் கொடுக்கப்படாமல் மேசையில் கிடந்தன. கடையைக் கொளுத்தும் அவசரத்தில் தங்கள் பிள்ளைகளின் படங்களையும் சேர்த்துக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அவர்களுடைய வீரம் அவ்வளவுதான். முதலாளி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். நான் இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஸ்டூடியோவில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன்.

அந்த ஸ்டூடியோவின் உரிமையாளரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு காலத்தில் எங்கோ சித்திரம் படிப்பித்தவராம். வெள்ளை முழுக்கைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பொத்தானை அழுத்துவதற்கு முன்பு தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலில் தூங்கிய குழந்தை விழித்துக்கொள்ளும், விழித்திருந்த குழந்தை அழும். பிறகு என்னைக் கூப்பிடுவார். குழந்தைகளை எடுக்கும் வேலை இப்படித்தான் முழுவதும் என் தலையில் விழுந்தது. ஆனால் வாடிக்கையாளர்களிடம், “படம் எடுக்கிறது கமரா இல்லை, கண்” என்று சொல்லித் தன் கண்ணைத்தான் தொட்டுக் காட்டுவார்.

அவருக்கு ஒரு வித்தை தெரியும், அதை மறுக்க மாட்டேன். பிலிம் காலத்தில் நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் மெல்ல மெல்லத் தேய்த்து, கறுத்த பிள்ளையை வெளுத்த பிள்ளையாக்குவார். அதற்கு ‘முகம் கழுவுறது’ என்று பெயர். தாய்மார் அதற்காகவே தேடி வந்தார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்ற பேதம் இந்த விஷயத்தில் மட்டும் கண்டியில் யாருக்கும் இருக்கவில்லை. வீட்டிலேயே பவுடரை அப்பிக்கொண்டு வருவார்கள், மிச்சத்தை மாஸ்டர் பார்த்துக்கொள்வார். எங்கள் ஸ்டூடியோவிலிருந்து வெளியே போன பிள்ளைகள் எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் போலிருந்தார்கள்.

கனடாவிலிருந்து மாஸ்டரின் தம்பி ஒரு டிஜிட்டல் கமரா அனுப்பினார். அதை ஒரு துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதன் தோள்பட்டியில் ஸ்டூடியோவின் பெயரைத் தைக்கக் கொடுத்தார். முதல் சில மாதங்கள் பிள்ளைகளை எடுக்க வேண்டும் என்றால் சாவி கேட்டு நிற்க வேண்டும். “கை கழுவினியே பிள்ளை?” என்று கேட்டுவிட்டுத்தான் தருவார். நான் மூன்று பிள்ளை பெற்றவள், என் கையைப் பார்த்து இந்தக் கேள்வி.

அதே காலத்தில் யுத்தமும் உச்சத்துக்கு வந்துகொண்டிருந்தது. அடையாள அட்டை இல்லாமல் ஒரு தமிழ்ப் பிள்ளை தெருமுனைக் கடைக்குக்கூடப் போக முடியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உரிய வயது வந்ததும் அட்டைக்கு விண்ணப்பிப்பார்கள். அந்த அட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் படந்தான் வேண்டும். உலகம் கலருக்குப் போய் எத்தனையோ காலமாகியும் அரசாங்கக் கந்தோரில் மட்டும் இன்னும் போகவில்லை. எங்கள் ‘தேடல்’ இதுதான்.

வேலை இப்படி நடக்கும். பின்னால் சாம்பல் திரை. பிள்ளையை முக்காலியில் நேராக இருத்தி, இரண்டு காதும் தெரிய முடியை ஒதுக்க வேண்டும். நாடியை ஒரு விரலால் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்குத் துவாரந்தான் முதலில் தெரியும். விளக்குக் குடை இடப்பக்கம். பிள்ளையின் இரண்டு கண்ணுக்குள்ளும் அந்தக் குடை ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்தால்தான் முகத்துக்கு உயிர் வரும். தமிழ்த் தாய்மார் நான் சொல்லாமலே பொட்டை எடுத்துவிட்டுத்தான் பிள்ளையை இருத்துவார்கள். அதைப் பற்றி நானும் பேசியதில்லை, அவர்களும் பேசியதில்லை.

கமராவுக்குள்ளேயே கறுப்பு வெள்ளை என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அதைப் போட்டுவிட்டால் படம் நிறமில்லாமல்தான் பதியும், பிறகு நிறத்தைத் தேடினாலும் கிடைக்காது. மாஸ்டர் எப்போதும் அதைத்தான் போடச் சொல்வார். வெளிச்சத்தையும் தேவைக்கு மேல் கூட்டி வைக்கச் சொல்வார். பிறகு கம்பியூட்டர் முன்னால் உட்காருவார். பென்சிலால் மணிக்கணக்காகச் செய்ததை இப்போது திரையில் ஒரு கோட்டை இப்படியிருந்து அப்படி இழுத்தால் செய்துவிடலாம். அந்தக் கோட்டை இழுப்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம், விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளைக்குக்கூட இராது.

ஒரு நாள் கேட்டேன். “மாஸ்டர், இது ஐடென்டிக்குப் போற படம். ஆளப் போல இருக்க வேணாமா?”

“ஆளைப் போல இருக்கிறதுக்கு ஆள் இருக்குத்தானே பிள்ளை” என்றார். “படம் ஆளை விட வடிவா இருக்க வேணும்.”

இதற்குமேல் ஒரு மேதையிடம் என்ன பேசுவது? நான் போய்த் திரையை மடித்து வைத்தேன்.

இனி சுமதியின் கதை. அவள் கலகெதரப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. அம்மா லெச்சுமி மரத்தில் பால் வெட்டுகிறவள், தகப்பன் இல்லை. சுமதி நல்ல கறுப்பு, பளபளவென்று அழகான கறுப்பு. கண் இரண்டும் அந்த முகத்தில் அப்படிப் பேசும். நான் இத்தனை ஆயிரம் பிள்ளைகளை எடுத்தவள், அப்படி ஒரு முகத்தை அதிகம் பார்த்ததில்லை. அடையாள அட்டைக்கு அவளை எடுத்தது நான். கோட்டை இழுத்தது மாஸ்டர். லெச்சுமி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “என் புள்ளயா இது, வெள்ளக்காரி கணக்கா இருக்கா” என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். சுமதி சிரிக்கவில்லை. படத்தையும் பார்த்து, தன் கையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

அட்டை வந்தது. சுமதி கண்டியில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் சேர்ந்து பஸ்ஸில் வந்து போகத் தொடங்கினாள். கொஞ்ச நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எங்கோ குண்டு வெடித்தது, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் புது ஆட்களைப் போட்டார்கள். அன்று பஸ்ஸில் இருந்த எல்லோரையும் இறக்கினார்கள். சுமதியின் அட்டையை வாங்கிய பொலிஸ்காரி அதை ஒரு தரம் பார்த்தாள், பிள்ளையை ஒரு தரம் பார்த்தாள். பிள்ளையின் கன்னத்தில் விரலால் தேய்த்தும் பார்த்தாளாம். பிறகு, வேறு யாரோ ஒருவருடைய அட்டையில் இந்தப் பெண் பயணம் செய்கிறாள் என்று முடிவு செய்து பொலிஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாட்களில் அதற்கு என்ன அர்த்தம் என்பதை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. அடுத்தவர் அட்டையோடு பிடிபட்ட தமிழ்ப் பெண் என்றால், பின்னேரம் வண்டி வரும், கொழும்புக்கு மேல்விசாரணை என்று ஏற்றுவார்கள். அப்படி ஏற்றப்பட்டவர்கள் எப்போது திரும்பினார்கள், திரும்பினார்களா என்று கேட்க ஒரு கதவும் கிடையாது.

பஸ்ஸில் கூட வந்தவர்கள் சொல்லிக் கேள்விப்பட்ட லெச்சுமி, குட்ஷெட் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டூடியோவுக்கு ஓடியே வந்திருந்தாள். காலில் செருப்பு இல்லை.

“அக்கா, படத்துல இருக்கறது எம்புள்ள இல்லன்னு சொல்லுறாங்க. நீங்கதானே எடுத்தீங்க. வந்து ஒரு வார்த்த சொல்லுங்க அக்கா.”

நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

“நீங்களும் வாங்க மாஸ்டர். கடைக்காரரே வந்து சொன்னாத்தான் கேப்பாங்க.”

“நான் வரேலாது பிள்ளை. யாழ்ப்பாணத்து ஐடென்டியோட நான் பொலிசுக்குள்ள போனா என்னையும் சேத்து இருத்திப் போடுவாங்கள்.”

அது உண்மைதான். அந்த ஒரு வார்த்தைக்கு அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பயப்படுவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னது இருக்கிறதே.

“படத்தில கை வைச்சம் எண்டு மட்டும் அங்க சொல்லிப் போடாதை. லைட் எண்டு சொல்லு.”

“சரி, கமராவத் தாங்க. லைட்டுன்னு சொல்றதுக்காவது ஒரு கமரா வேணும்.”

அலுமாரியைத் திறந்தார். துவாயைப் பிரித்தார். பிறகு ஒரு கத்தரிக்கோலை எடுத்து, ஸ்டூடியோவின் பெயர் தைத்திருந்த தோள்பட்டியை இரண்டு பக்கமும் வெட்டிக் கழற்றி வைத்துக்கொண்டு, மொட்டைக் கமராவை என்னிடம் நீட்டினார். அத்தனை மாதம் கை கழுவாமல் தொட விடாத சாமான் அது. எனக்கு அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. லெச்சுமி பார்த்துக்கொண்டு நின்றதால் கமராவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

ஸ்டேஷனில் சுமதி ஒரு வாங்குப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வகுப்புக்குக் கொண்டு வந்த கொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். பொறுப்பதிகாரி வயிறு பருத்த, சாந்தமான மனிதர். சத்தம் போடவே இல்லை. சத்தம் போடுகிற பொலிஸைவிடச் சத்தம் போடாத பொலிஸுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். மஹய்யாவயில் வளர்ந்தவளுக்குச் சிங்களம் தடையில்லை, எல்லாம் சிங்களத்தில்தான் பேசினோம்.

“படத்தை எடுத்தது நான்தான் சேர். இந்தப் பிள்ளையைத்தான் எடுத்தேன்.”

அவர் அட்டையை மேசையில் வைத்து, அதன் பக்கத்தில் சுமதியின் கையைப் பிடித்து வைத்தார். “அக்காவுக்குக் கண் தெரியும்தானே? இது என்ன நிறம், அது என்ன நிறம்?”

“அது லைட் சேர். எங்கள் லைட்டுக்கு எல்லாப் பிள்ளைகளும் வெள்ளையாகத்தான் வரும்.”

அவர் முதன்முறையாகச் சிரித்தார். “அப்படி ஒரு லைட் இருக்கிறதா? சரி, எடுத்துக் காட்டுங்கள். இந்தப் பெண் உங்கள் கமராவில் இந்தப் படத்தைப் போல வந்தால் கூட்டிக்கொண்டு போகலாம். வராவிட்டால், பொய் சாட்சி சொன்னதற்கு நீங்களும் அந்த வாங்கில் உட்காரலாம்.”

குடை இல்லை, விளக்கு இல்லை, திரை இல்லை. கம்பியூட்டரும் இல்லை. கமராவில் இருந்த சின்ன பிளாஷ் மட்டும். சுமதியை நல்ல வெயில் விழுந்த வராந்தாச் சுவரோடு நிறுத்தினேன். கமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, வெளிச்சத்தைக் கூட்டி, எடுத்தேன். அதிகாரி கமராத் திரையைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார். படத்தில் சுமதி இருந்தாள், அசல் சுமதி, கறுப்பாக, கண் இரண்டும் தெளிவாக. அந்த அவசரத்திலும் அது எவ்வளவு நல்ல படம் என்று எனக்குத் தெரிந்தது. அழித்தேன்.

“லெச்சுமி, பவுடர் இருக்கா?”

லெச்சுமியிடம் ஏது பவுடர்? உள்ளே மேசையடியில் இருந்த ஒரு பொலிஸ்காரி, கேட்காமலே தன் கைப்பையிலிருந்து பவுடர் டின்னை எடுத்து வந்து லெச்சுமியிடம் கொடுத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். லெச்சுமி பிள்ளையின் முகத்தில் பூசத் தொடங்கினாள். ரப்பர் பால் காய்ந்து கறை பிடித்த விரல்கள். நெற்றி, கன்னம், மூக்கு, காது. “இன்னும் போடு” என்றேன். கழுத்துக்கும் போட்டாள். “இன்னும்.” இமையில் வெள்ளை விழுந்து சுமதி கண்ணைச் சிமிட்டினாள். சல்லடையில் சலித்த மா போல முகம் முழுக்க வெள்ளை. வெளிச்சத்தைக் கமரா தாங்கும் கடைசி அளவுக்குக் கூட்டினேன். முகத்துக்குக் கிட்ட வைத்து பிளாஷை அடித்தேன். அந்த வெளிச்சத்தில் பிள்ளையின் கண்ணில் நீர் வந்தது. இன்னொன்று எடுத்தேன். இன்னொன்று.

அதிகாரி அட்டையைக் கமராத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். மூக்கில்லாத, கன்னமில்லாத, வெள்ளைக் காகிதத்தில் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்தது போன்ற முகம் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. அவர் அதையும் பார்த்தார், இதையும் பார்த்தார். எதிரே ஒரு முழம் தூரத்தில் நின்ற பிள்ளையை மட்டும் பார்க்கவே இல்லை.

“சரி, அதே ஆள்தான்” என்றார்.

இவ்வளவு வருடத் தொழிலில் நான் எடுத்த மகா கேவலமான படம் அதுதான். அதற்குக் கிடைத்த பாராட்டும் வேறு எதற்கும் கிடைத்ததில்லை. அட்டையைச் சுமதியிடம் கொடுக்கும்போது அந்தச் சாந்தமான மனிதர் ஒரு தகப்பனைப் போல அறிவுரையும் சொன்னார். “இனிமேல் வெளியே வரும்போது படத்தில் இருப்பது போலவே வா மகள். யாருக்கும் வீண் சிரமம் இல்லை.”

வெளியே ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. லெச்சுமி முந்தானையை நனைத்துப் பிள்ளையின் முகத்துக்குக் கொண்டு போனாள். சுமதி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வேணாம்மா. வீட்டுக்குப் போறதுக்கும் பாலத்தத் தாண்டணும்.”

அப்படியே பஸ் ஏறினார்கள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்ததை நான் கீழே நின்று பார்த்தேன்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் மாஸ்டர் முதலில் கேட்டது, “கமராவுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?” என்று. எடுத்ததைத் திரையில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். “நல்லா வந்திருக்கு பிள்ளை. வெளிச்சம் வடிவா விழுந்திருக்கு” என்றார். கிண்டல் இல்லை, மனதாரச் சொன்னார். அன்றோடு அந்தக் கம்பியூட்டரில் கோட்டை இழுக்கும் வேலையை நானே வைத்துக்கொண்டேன், அவரைத் தொட விடவில்லை. அவரும் கேட்கவில்லை. ஏற்கனவே வெளுத்துப் போன பிள்ளைகள் எத்தனை பேர், எந்தெந்தச் சாவடியில் நிற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

இந்தக் காலத்துத் தம்பிமார் ஏழைப் பிள்ளைகளின் முகத்தில் அழுக்கைத் தேடி எடுக்கிறார்கள். மாஸ்டர் அதே முகங்களைக் கழுவிக் கழுவி எடுத்தார். இரண்டு கூட்டத்துக்கும் பிள்ளையின் முகம் போதவில்லை. இதைத்தான் அந்த ஹோட்டலில் சொல்லியிருக்க வேண்டும், அது தோன்றியபோது பட்டிஸ் வாய்க்குள் இருந்தது.

அடுத்த வாரம் லெச்சுமி ஸ்டூடியோவுக்கு வந்தாள். புதுப்படம் எடுத்து அட்டையை மாற்ற வந்திருக்கிறாள் என்று நினைத்து, காசு வேண்டாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, நானே ஒழுங்காக எடுத்துத் தருகிறேன் என்றேன்.

“எடுக்கலாம் அக்கா. ஆனா புது ஐடென்டி வர எவ்வளவு காலமாகுமோ. அதுவரைக்கும் புள்ள கிளாசுக்குப் போகணுமே” என்றாள். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “அந்தப் பொலிஸ்காரம்மா குடுத்தாங்களே, அது என்ன பவுடர் அக்கா? எங்க கடையில விக்கிறது அவ்வளவு வெள்ளையா ஒட்ட மாட்டேங்குது.”